கோராட்டுக்குப் புறப்படும் மதிக்கு

அன்புள்ள மதி,

நீ அனுப்பிய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். கோராட் நகரில் அரசுப் பள்ளி, ஆங்கில வழிப் பிரிவு, ஏழிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அறிவியல். பி.எஸ்சி., பி.எட். கையோடு போகிற பிள்ளைக்கு நல்ல தொடக்கம்தான். முந்தாநாளிலிருந்து உன் அம்மா போனைப் போட்டு அழுதுகொண்டிருக்கிறாள். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோராட் இருக்கும் அதே வடகிழக்குத் தாய்லாந்தில் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் உனக்குச் சிலதைச் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று தள்ளிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் காகித வேலை. அலுப்பான சமாச்சாரம்தான். ஆனால் அந்த ஊரில் நீ ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது இதைப் பொறுத்தது. உன்னை வேலைக்கு எடுப்பது பள்ளி இல்லை, இடையில் ஒரு ஏஜென்சி. அது தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்ற வரி மழுப்பலாக இருக்கிறது. அங்கே கல்வியாண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும், அக்டோபரில் ஒரு விடுமுறை. மார்ச், ஏப்ரலுக்குச் சம்பளமே தராத ஏஜென்சிகள் உண்டு. வீட்டு வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வரும். மின்னஞ்சலில் கேள், எழுத்திலேயே பதில் வாங்கு. "பார்த்துக்கொள்ளலாம்" என்று போனில் சொன்னால் அதற்கு அர்த்தம் 'கிடையாது' என்பதுதான்.

சம்பளத்தைப் பற்றி இன்னொன்று. ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஒரே மணி நேரம். இங்கிலாந்துப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தொகை, பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுக்கும் நம் பாஸ்போர்ட்டுக்கும் அதைவிடக் குறைவாக ஒரு தொகை. இதைப் பல பள்ளிகளில் பார்க்கலாம். அநியாயம்தான், அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களோடு ஒட்டிக்கொள். வெளிநாட்டு ஆசிரியர்களில் வேலையை உண்மையாகத் தூக்கிச் சுமப்பவர்கள் அவர்கள்தான். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், எந்தக் கடையில் நகல் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஏன் தாய்லாந்து, கொரியாவுக்கோ சீனாவுக்கோ போகக் கூடாதா என்று உன் அப்பா கேட்டாராம். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா, ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டுக்காரர்களுக்கு என்று வகுத்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக உடன்பாட்டால் ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்களுக்கு ஒரு சின்ன வாசல் திறந்தது, அவ்வளவே. சீனாவிலும் பாஸ்போர்ட்டின் நிறம் பார்ப்பார்கள். தாய்லாந்தில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்த ஆள் வேண்டும், அங்கே நம் பி.எட்.டுக்கு மரியாதை உண்டு. அப்பாவிடம் இதைச் சொல்.

விசாவைச் சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகம் மூலமாக, வேலைக்கான வகையிலேயே வாங்கிக்கொண்டு ஏறு. "டூரிஸ்டாக வந்து இறங்குங்கள், இங்கே மாற்றித் தருகிறோம்" என்று ஏஜென்சி சொன்னால் மறுத்துவிடு. வேலை அனுமதி இல்லாமல் வகுப்பில் நின்றால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதோடு நாடு கடத்தலும். மாட்டுவது நீ, ஏஜென்சி இல்லை. ஆசிரியர்களுக்கான உரிமத்தைப் பார்ப்பது குருசபா என்ற அமைப்பு. முழு உரிமம் இல்லாதவர்களுக்கு இரண்டு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி தரும். அதற்குப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கும் போலீஸ் சான்று, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாம் தேவைப்படும். பல்கலைக்கழகத்தில் பட்டச் சான்றிதழ் வாங்க நம் ஊரில் எவ்வளவு நடையாக நடக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். இன்றைக்கே தொடங்கு.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பாங்காக்கில் வேலை, டிக்கெட் இலவசம் என்று அழைத்துப் போய், விமான நிலையத்திலிருந்தே காரில் ஏற்றி மேற்கு எல்லையில் மேசோட் வரை கொண்டுபோய், ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கதை நம் பிள்ளைகள் பலருக்கு நடந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மேசோட்டிலிருந்து அழைத்துவந்தார்கள். உன் விஷயத்தில் நானே அந்தப் பள்ளியின் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். ஏஜென்சியின் பெயரும் உன் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உன் தோழிகள் யாராவது இப்படிக் கிளம்பினால், ஏஜென்சியிடம் கேட்பதோடு நிற்காமல் வேலை தரும் இடத்தையே நேராகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன புதிதில் உனக்கு வேற்று நாடு மாதிரியே இருக்காது. சோறு, புளி, மிளகாய், கோயில், கை கூப்பி வணக்கம், வீட்டுக்கு வெளியே செருப்பு. பள்ளி திறந்த சில வாரங்களில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையில், 'வாய் க்ரூ' என்று குருவை வணங்கும் நாள் வரும். வியாழன் குருவுக்குரிய கிழமை என்பது அவர்களுக்கும் தெரியும். மாணவர்கள் முந்தின நாளே உட்கார்ந்து தட்டுகளைச் செய்வார்கள். வாழையிலையை மடித்துக் கோபுரமாக்கிப் பூ குத்துவார்கள். அதில் நான்கு பொருள் கட்டாயம்: அறுகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெல்பொரி. அறுகம்புல் மிதிபட்டாலும் படர்வது. இட்லிப்பூவின் மொட்டு ஊசி மாதிரி, அதனால் புத்திக்கூர்மை. கத்தரிப்பூ தலைகுனிந்து பூப்பது, அதனால் பணிவு. பொரி, சட்டிக்குள் அடங்கியிருந்து பொரிவதால் ஒழுங்கு. வகுப்புக்கு இரண்டு பேர் மண்டபத்தில் முழங்காலாலேயே நகர்ந்து வந்து, தட்டை உன் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிடுவார்கள். பதின்மூன்று வயதுப் பையன், மீசை கூட அரும்பவில்லை, உன் காலடியில் நெற்றி வைப்பான். கண் கலங்கிவிடும்.

அடுத்த மணி நேரத்தில் அதே பையன் உன் வகுப்பில் மேஜைமேல் தலை வைத்துத் தூங்குவான்.

இதில்தான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர் எல்லாமே புதிது என்று எச்சரிக்கையாக இருப்பார். நமக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதால் கவனம் குறைந்துவிடும். நம் வகுப்பறையில் பிள்ளைகள் வாத்தியாரை மதிப்பதில் பாதி, பரீட்சைக்குப் பயப்படுவது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கட் ஆஃப் என்று ஒரு பிரம்பு கண்ணுக்குத் தெரியாமல் நம் கையில் இருக்கும். நீ போகும் வகுப்பில் அது கிடையாது. அங்கே மதிப்பெண் 0 முதல் 4 வரை. 0 வாங்கியவன் ஒரு வீட்டுப்பாடமோ மறுதேர்வோ செய்து அதைச் சரிசெய்துகொள்ளலாம், நடைமுறையில் அநேகமாக எல்லோருமே தேறிவிடுவார்கள். அதனால் "பரீட்சைக்கு வரும், எழுதிக்கொள்" என்று நீ சொல்வது எடுபடாது. உன்னை அவர்கள் மதிப்பது உண்மை. அந்த மதிப்பு உன் பாடத்தைக் கேட்க வைக்கும் என்று நினைப்பது மட்டும் தப்பு. பாடம் கலகலவென்று இருந்தால் கேட்பார்கள், இல்லையென்றால் சிரித்த முகத்தோடு தூங்குவார்கள்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதே. மொத்த வகுப்பும் "யெஸ் டீச்சர்" என்று பாடும். புரியவில்லை என்றால், கற்பித்த உன்னைக் குறை சொன்னதாகும், நாலு பேர் முன் தானும் அசடு ஆனதாகும். இரண்டையும் அவர்கள் செய்யமாட்டார்கள். தனியாக ஒருவனை எழுப்பிக் கேள்வி கேட்டால் முகம் சிவந்து நிற்பான், அன்றிலிருந்து உன் வகுப்பு என்றாலே அவனுக்குக் கசக்கும். எனக்குக் கைகொடுத்தது சின்ன வெள்ளைப் பலகைகள். எழுதுபொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு பேருக்கு ஒன்று கொடு. கேள்வி கேள், இருவரும் பேசி எழுதட்டும், "தூக்கு" என்றதும் எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் மேலே வரட்டும். தப்பு எழுதியது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது, ஆனால் எத்தனை பேருக்குப் புரியவில்லை என்று உனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடர்த்தி என்ற பாடத்தைப் படம் வரைந்து தொடங்காதே. கேன்டீனிலிருந்து மீன் சாறு ஒரு பாட்டில், சமையல் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிவா. உயரமான கண்ணாடித் தம்ளரில் முதலில் மீன் சாறு, அதன்மேல் ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தண்ணீர், அதற்கும் மேலே எண்ணெய். மூன்று அடுக்கு நிற்கும். ஒவ்வொன்றையும் ஊற்றும் முன் "எங்கே நிற்கும்?" என்று பலகையில் எழுதச் சொல். உப்புக் கரைந்த மீன் சாறு ஏன் அடியில் நிற்கிறது என்பதைத் தூங்குமூஞ்சிகளே உனக்கு விளக்குவார்கள், பாதி ஆங்கிலத்தில், பாதி தாய் மொழியில். அந்தப் பாதி தாய் மொழியைத் தடுக்காதே. உன் பள்ளிக்காரர்கள் ஆங்கிலம் மட்டுமே என்பார்கள். அவர்கள் இல்லாதபோது விட்டுவிடு.

அவர்கள் பேசும் ஆங்கிலம் முதலில் காதில் ஏறாது. அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்', 'ஸ்' ஒலிகள் நிற்பதில்லை. 'ஸ்கூல்' என்பது 'சகூன்' ஆகும், 'ஃபுட்பால்' 'ஃபுட்பான்' ஆகும். கேலி செய்யாதே, நம் ஆங்கிலமும் அவர்கள் காதுக்கு அப்படித்தான். மெதுவாகப் பேசு, முக்கியச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவை.

வருகைப் பதிவேட்டில் இருக்கும் நீளமான பெயர்களைக் கண்டு மலைக்காதே. அவை பெரும்பாலும் வடமொழியிலிருந்து வந்தவை, மெதுவாகப் படித்தால் பிடிபடும். ஆனால் அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவர்களுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. பேங்க், ஐஸ், பீர், குங், நோக். குங் என்றால் இறால், நோக் என்றால் பறவை. முதல் நாள் அட்டையை மடித்து அதை எழுதி மேஜைமேல் வைக்கச் சொல். பீர் என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பழகு, எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான்.

காலை 8 மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம், பிரார்த்தனை. சாயங்காலம் 6 மணிக்குப் பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ இருந்தாலும் கீதம் ஒலிக்கும், எல்லோரும் நிற்பார்கள், நீயும் நில். திங்கட்கிழமை ஆசிரியர்களில் பலர் மஞ்சள் சட்டையில் வருவார்கள், மன்னர் பிறந்த கிழமையின் நிறம் அது. அரச குடும்பத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ, விளையாட்டாகவோ, வகுப்பிலோ முகநூலிலோ வாய் திறக்காதே. அவமதிப்புக்கு 112ஆம் பிரிவின்படி ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. நம் ஊரில் டீக்கடையில் அரசியல் பேசி வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

மாணவர்கள் உனக்கு வணக்கம் வைத்தால் பதிலுக்குத் தலையசைத்துப் புன்னகைத்தால் போதும், நீ முந்திக்கொண்டு அவர்களுக்குக் கை கூப்பினால் நெளிவார்கள். தலைமையாசிரியருக்கும் வயதான ஆசிரியைகளுக்கும் நீதான் முதலில் வைக்க வேண்டும். யாருடைய தலையையும் தொடாதே, காலை நீட்டி யாரையும் எதையும் காட்டாதே. உன்னோடு வகுப்பில் இருக்கும் தாய்லாந்து ஆசிரியை செய்தது பிடிக்கவில்லையா, மாணவர் முன்னால் மறுத்துப் பேசாதே. மத்தியானம் சாப்பிடும்போது, "அக்கா, இதை இப்படிச் செய்யலாமா?" என்று கேள். அங்கேயும் மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், 'பீ' என்று. திடீரென்று காலையில், "இன்றைக்கு வகுப்பு இல்லை, விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை" என்பார்கள். எரிச்சலாக வரும். கையில் எப்போதும் ஒரு அரைமணிப் பாடமும் ஒரு நாவலும் வைத்துக்கொள்.

சாப்பாட்டைப் பற்றி அக்கா கவலைப்படுகிறாள். அசைவம் சாப்பிடுகிறவளுக்குத் தாய்லாந்தில் கவலையே இல்லை. உன் வெள்ளிக்கிழமை விரதம்தான் பிரச்சினை. கீரையில் கூட மீன் சாறு விழும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகளைத் தேடு. அங்கே மீனும் கிடையாது, முட்டையும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. வடகிழக்கில் ஒட்டரிசியை மூங்கில் கூடையிலிருந்து கையாலேயே உருட்டிச் சாப்பிடுவார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பப்பாளிக்காய் சாலட். கடைக்காரி உரலில் இடிக்கும் முன் எத்தனை மிளகாய் என்று கேட்பாள். ஒன்று என்று சொல். நாம் காரம் சாப்பிடுகிறவர்கள் என்ற மிதப்பு அந்த உரலின் முன் செல்லாது.

படிக்கக் கற்றுக்கொள், பேசுவதற்கு முன்னாலேயே. 44 மெய்யெழுத்துகள் என்றதும் பயப்படாதே. க, ச, ட, த, ப என்ற வரிசையிலேயே அடுக்கியிருக்கும், நமக்குப் பாதிப் பழகிய வழி. ஐந்து தொனிகள் நாக்கில் வர நாளாகும். எழுத்து தெரிந்துவிட்டால் பஸ்ஸின் பலகை, மருந்துச் சீட்டு, ஊதியச் சீட்டு எல்லாவற்றுக்கும் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டாம். படிவங்களில் வருடம் புத்த சகாப்தத்தில் இருக்கும், நம் கணக்கோடு 543 கூட்டிக்கொள்: 2025 என்றால் 2568.

மோட்டார் சைக்கிள் வாங்காதே. வாங்கத்தான் போகிறாய், அதனால் உரிமமும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏறாதே. உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டுக்காரன் கை விரிப்பான். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டிய அவர்களின் புத்தாண்டு. ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும். அந்த வாரத்தை அரசாங்கமே 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்று பெயரிட்டுச் சாலை விபத்துகளைத் தினமும் எண்ணி அறிவிக்கிறது. அந்த நாட்களில் நடந்தே நனை.

ஊர் சுற்றுவதற்கு உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாட்டைவிட்டு வெளியே காலடி வைக்கும் முன் குடிவரவு அலுவலகத்தில் மறுநுழைவு அனுமதி வாங்கு. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அக்டோபர் விடுமுறையில் நோங் காய் போய், மெக்கோங் ஆற்றின்மேல் 1994இல் திறந்த நட்புப் பாலத்தைத் தாண்டி லாவோஸ் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புவாய். அனுமதி இல்லாமல் தாண்டினால் உன் தங்கும் உரிமை அந்த நிமிடமே ரத்து. வேலை விசாவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னோடு இருந்த ஓர் இளம் ஆசிரியர் ஒரு வாரக்கடைசிக்காக ஒரு பருவத்தையே இழந்தார். அதேபோல் 90 நாளுக்கு ஒருமுறை உன் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். போன் காலண்டரில் 75ஆம் நாளிலேயே குறித்துவை.

முதலில் பிமாய் போ. கோராட்டிலிருந்து பஸ் இருக்கிறது. அங்கோர் வாட்டுக்கும் முந்திய கெமர் கோயில். பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் காலையிலேயே போய்விடு. பாங்காக் போனால் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். விஜயதசமி இரவு ஊர்வலத்தில் வழிநெடுகக் காத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான். தெற்கே போகும் நாள் வந்தால் நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் தக்குவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய ஒரு குளத்தை நம் மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் வைத்த சேதி.

காஞ்சனபுரிக்கும் போ, ஆனால் குவாய் பாலத்தில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தோடு திரும்பிவிடாதே. 1942, 43இல் ஜப்பானியர்கள் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஊரின் நடுவில் புல்வெளியும் பெயர் பொறித்த கல்லுமாக ஓர் இடுகாடு உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும், மலாய்க்காரர்களும், ஜாவாக்காரர்களும், பர்மியரும் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் வரிசைகள் இல்லை. தாய்லாந்தில் வேலை தேடிப் போகும் தமிழர்களில் நீ முதல் ஆள் இல்லை என்பதை அங்கே பார்ப்பாய்.

பெட்டி விஷயம் ஒன்று பாக்கி. ஆசிரியைகள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஸ்கர்ட் போட வேண்டும் என்று பல பள்ளிகளில் எதிர்பார்க்கிறார்கள். சுடிதார் ஒத்துக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டுக்கொள். கழற்றி மாட்ட எளிதான ஷூ இரண்டு ஜோடி, வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியிருக்கும். சின்ன குக்கர் எடுத்துப் போ, துவரம்பருப்பும் பெருங்காயமும் எடுத்துப் போ. அக்கா இரண்டு கிலோ புளியைக் கட்டித் தருவாள். அதை அவள் பார்க்காதபோது வெளியே எடுத்து வைத்துவிடு. கோராட் சந்தையில் புளி நம் ஊர்ப் புளியைவிட நன்றாகவே இருக்கும்.

அன்புடன்,
மாமா